மேகம் இறங்கினால் கழற்றிவிடு

முந்தின வருடம் ஐப்பசியில், தீபாவளி கழிந்த கொஞ்ச நாளில் நடந்தது இது. கொடைக்கானலைத் தாண்டி, போளூர் பக்கம், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற சின்ன ஊர் எங்களுடையது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. இருந்தாலும் என் மகள் வயதுப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. பெரியவர்கள் படித்தால் கோபம் வரலாம். வரட்டும்.

எங்கள் ஊர் ஐப்பசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வருகிறவர்கள் மேகம் இறங்குவதைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது கண்ணைத் துணியால் கட்டிவிட்டமாதிரி. மதியம் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு நிமிர்ந்தால் எதிர் வீடு இருக்காது. அந்த நேரத்தில் நாங்கள் காதை வைத்துத்தான் நடப்போம். ஜீப் வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறதா இந்தப் பக்கம் வருகிறதா என்பது ஹாரன் சத்தத்தில் தெரியும். ஆம்பளைகள் இருமிக்கொண்டு வருவார்கள், பொம்பளைகள் பேசிக்கொண்டு வருவார்கள், மோதிக்கொள்ளாமல் இருக்க. காட்டுமாடு நின்றால் மூக்கால் புஸ்ஸென்று ஊதும். அந்தச் சத்தம் கேட்டால் அப்படியே நின்று, வந்த வழியே பின்வாங்கிவிட வேண்டும். காட்டுமாடு தானாகத் தேடி வந்து முட்டாது. தெரியாமல் கிட்டே போய் நின்றால்தான் மிரளும், முட்டும். எங்கள் ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்கே இது தெரியும்.

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது மந்தம். ஒரு முகாமில் சோதித்துப் பார்த்து இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் அவரை விதை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்து காதுக்குள் போகும். மாட்டிவிட்ட அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவள் யாரிடமும் பேசவில்லை. ஒவ்வொரு சத்தமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கில் கிழங்கு விழுகிற சத்தம், மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தாள் சரசரக்கிற சத்தம். சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்த என்னைத் தட்டி எழுப்பிச் சொன்னாள்:

“அப்பா, ஒன் மூக்கு பேசுதுப்பா.”

என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எனக்குக் குறட்டை உண்டு என்று அவள் கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. அன்றைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

முகாமில் மெஷினைக் கொடுத்தவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். தண்ணீர் படக் கூடாது, ஈரம் ஆகாது, போனால் போனதுதான், அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார். வேறு விவரம் கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் பெரிய வரிசை நின்றது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அதன்பிறகு வந்த முதல் மழைக்காலத்திலேயே ஒன்று போய்விட்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரிய சாரல். வீட்டுக்கு வந்தவள் இடது காதைக் காட்டி, “கரகரங்குது” என்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கரகரப்பும் நின்றுவிட்டது. எங்கள் பாதையில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் உண்டு. எது என்றாலும் ஊரில் முதலில் அவரிடம்தான் கேட்போம். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“அரிசி டப்பாக்குள்ள போட்டு வைங்கப்பா. ஏன் போனு தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துச்சு. அரிசியில போட்டுத்தான் பொழைச்சுச்சு. இப்ப பாரு, பேசிக்கிட்டுத்தான இருக்கேன்?”

எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ரேஷன் அரிசி டப்பாவில் நன்றாக அமுக்கிப் புதைத்து வைத்தோம். மூன்றாம் நாள் எடுத்து மாட்டினோம். சத்தமே இல்லை. பேட்டரி மாற்றினோம். அப்போதும் இல்லை. செத்துப்போய்விட்டது என்று அதை ஒரு துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாள் என் வீட்டுக்காரி.

இனி மிச்சம் வலது காது மெஷின் ஒன்றுதான். இதுவும் போனால் பிள்ளை பழையபடி ஆகிவிடுவாள். அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஊருக்கே பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மெஷின் கிடைத்ததில் எல்லாருக்குமே சந்தோஷம். அதனால் எல்லாருமே அதற்குக் காவல். மூடி இறுக்கமாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவள் டீச்சர் வாங்கிக் கொடுத்தார். ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தை யாரோ செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். மேகம் இறங்கினால் மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பைக்குள் வைத்து, வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் மறுபடி மாட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்துவிட்டது. யார் போட்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாரும் போட்டதுதான்.

அவள் டீக்கடையைத் தாண்டும்போது பார்க்க வேண்டும். பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் காதைத் தொட்டுக் காட்டுவார்கள். “ஏ புள்ள, மேகம் எறங்குது பாரு. வெரசாக் கழட்டு.” அவள் நின்று கழற்றி டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி, அவர்களிடம் தூக்கிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். மறந்து மாட்டிக்கொண்டே நடந்தால் போச்சு. “ஒன்னைப் போயி நம்பி மிஷினக் குடுத்தாங்க பாரு” என்று பெஞ்சில் இருந்தே ஏச்சு விழும். ஒருநாள் அப்படி ஏச்சு வாங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு அவள் அம்மாவிடம் சொன்னாள், “கழட்டுனா எனக்கு ஒண்ணும் கேக்காதும்மா.”

“வீட்டுக்கு வர்றதுக்குள்ள அப்பிடி என்னத்தக் கேக்கப் போற?” என்றாள் அவள் அம்மா.

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தப் பதில் சரியாகத்தான் தெரிந்தது. கண் தெரியாத மூட்டத்தில் காதால் நடக்கிற ஊரில், காது மந்தமான பிள்ளையிடம் மேகம் இறங்குகிற நேரம் பார்த்துக் காதைக் கழற்றச் சொல்கிறோமே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு மெஷின்தான் தெரிந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

மழை வலுக்கும் என்று பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நான் பாதைக்கு மேலே இருக்கிற எங்கள் காட்டில் பூண்டு ஊன்றுவதற்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். மேகம் வந்தது. மண்வெட்டிக் காம்பு தெரிந்தது, அதன் இரும்பு இலை தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டத்தில் சத்தம் எங்கிருந்தாலும் பக்கத்தில் மாதிரி கேட்கும். கீழே டீக்கடையில் டம்ளர் கழுவுகிற சத்தம்கூடக் கேட்டது.

என் மகள் டீக்கடைக்கு வந்திருக்கிறாள். வழக்கம்போலப் பெஞ்சில் இருந்தவர்கள் காதைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவளும் கழற்றி டப்பாவில் போட்டுத் தூக்கிக் காட்டிவிட்டு, வீட்டுப் பாதையில் திரும்பியிருக்கிறாள். அவள் மூட்டத்துக்குள் மறைந்த பிறகு, குறுக்கு வழியாக இறங்கி வந்த ஒரு ஆள் மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். வளைவில் ஒத்தைக் காட்டுமாடு நிற்கிறது, பெரிய கிடா, நான் சுற்றி வந்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

இது எல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குக் கேட்டது இதுதான்:

“ஏ பாப்பா! நில்லு! மாடு நிக்குது!”

“ஏ புள்ள, போகாத! திரும்பி வா! மாடு, மாடு!”

நாலைந்து குரல். எனக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தேன். கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவை கூப்பிட்டால் நிற்காத ஆள் யார் என்று தோன்றியது. அப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிட்டும் நிற்காத பிள்ளை ஒன்றுதான் உண்டு.

பாத்திகளை மிதித்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் புஸ்ஸென்று அந்த ஊதல் கேட்டது. மேலே இருக்கிற எனக்கே கேட்டது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவளுக்குக் கேட்கவில்லை. பிற்பாடு அவள் என்னிடம் சொன்னாள், முன்னால் கறுப்பாக என்னவோ தெரிந்ததாம், யாரோ ஜீப்பை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஓரமாக ஒதுங்கி இன்னும் கிட்டே போயிருக்கிறாள்.

டீக்கடையில் அன்றைக்கு ஆம்பளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடையை விட்டு இறங்கி ஓடியது ஒரே ஒரு அக்காதான். எங்கள் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரர். எங்களுக்கும் அவருக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு, நெடுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. புல்லுக்கட்டோடு மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார். பேச்சு இல்லாததால் என் மகளிடம் மெஷினைக் கழற்று என்று ஒருநாளும் சொல்லாத ஆளும் ஊரில் அவர் ஒருத்தர்தான். இதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த அக்கா ஓடிப்போய்ப் பின்னாலிருந்து என் மகளின் பையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அதே நேரம் மாடு மிரண்டு தலையை வீசியது. கொம்பு இவள்மேல் படவில்லை. மாட்டின் தோள்பட்டை இடித்துவிட்டது. இரண்டு பேரும் பாதையோரக் கல்லுக்கட்டுக்கு மேலிருந்து கீழ்க்காட்டில் போய் விழுந்தார்கள். மாடு தாவி வனத்துக்குள் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கல் உருளுகிற சத்தம் மட்டும் இருந்தது.

என் மகள் கோஸ் பாத்திக்குள் மல்லாந்து கிடந்தாள். ஒரு கால் ஆகாத திசையில் திரும்பியிருந்தது. பக்கத்தில் அந்த அக்கா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மண்டி போட்டு என் பிள்ளையின் முகத்தைத் துடைத்தேன். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகப் பைக்குள் கையை விட்டு, டப்பாவைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

“மிஷின் நனையலப்பா. டப்பாக்குள்ளதான் இருக்கு.”

போகட்டும் தாயி, அது கெடக்கு, ஒனக்கு எங்க வலிக்குது என்று நான் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. நான் ஏசுகிறேன் என்று நினைத்துவிட்டாள்போல. டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து எனக்குக் காட்டினாள். காட்டிவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டாள், சாரல் விழுகிறதே என்று.

பிள்ளைகளே, இதற்குமேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கிழங்கு ஏற்ற வந்திருந்த ஜீப்பில் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். அங்கே கட்டுப் போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. ஆபரேஷன் ஆனது. பிள்ளை பிழைத்தாள், அதற்கு நான் கடவுளைக் கும்பிடாத நாள் இல்லை. ஆனால் அந்தக் கால் மற்றக் காலைவிடக் கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது. இப்போது சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். மேட்டில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆரஞ்சு வாங்கி வந்தார்கள், பிஸ்கட் வாங்கி வந்தார்கள். நல்ல மனுசர்கள்தான். வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, காலைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, அடுத்ததாக என்ன கேட்டார்கள் தெரியுமா? “மிஷினுக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?” ஒருத்தர் இல்லை, வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மெஷின் தப்பித்தது அவர்களுடைய காவலால் என்பதுபோல.

டீக்கடை அண்ணனும் வந்தார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தார்.

“நாங்க எம்புட்டுக் கத்துனோம் தெரியுமாப்பா? தொண்டையே போச்சு. பாப்பா திரும்பிக்கூடப் பாக்கல.”

எனக்கு வாயில் என்ன வருகிறது என்று தெரியவில்லை. “கழட்டுன்னு சொன்னதும் நீங்கதான்ணே. கழட்டுன புள்ளையப் பாத்துக் கத்துனதும் நீங்கதான்ணே” என்றேன்.

அவர் ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரி என்னோடு சண்டை பிடித்தாள். அவரை மட்டும் சொல்ல என்ன இருக்கிறது, சொன்னது எல்லாரும்தானே என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் அவரைச் சொன்னதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அடுத்த காட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கையில் மாவுக்கட்டு. வாசலிலேயே நின்று, “எல்லாரும் நின்னு கத்தும்போது நீங்க மட்டும் எப்பிடிக்கா ஓடுனீங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கூப்பிட்டாக் கேக்காத புள்ளைய எதுக்குக் கூப்பிடணும்? போயித்தான் பிடிக்கணும்” என்றார். அப்புறம், “காபி குடிக்கிறீகளா?” என்றார்.

குடித்தேன். ஆனால் கதையில் வருகிறமாதிரி அதோடு எங்கள் தகராறு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த கோடையில் வாய்க்கால் வற்றியபோது மறுபடியும் சண்டை போட்டோம். அவர் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். நானோ, அவர் அந்தக் கையை ஆட்டிப் பேசும்போது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி, எனக்கு எல்லாவற்றையும்விடக் கசப்பான விஷயத்தைச் சொல்கிறேன்.

கால் கூடின பிறகு, மெஷினைச் சோதித்து வாங்கலாம் என்று திண்டுக்கல்லில் காது மெஷின் பார்க்கிற ஒரு இடத்துக்கு மகளைக் கூட்டிப்போனேன். சின்ன வயசுப் பெண் ஒருத்தர் இருந்தார். வலது காது மெஷினைத் துடைத்துப் பார்த்து, ரொம்ப நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். எனக்கு அந்தப் பாராட்டைக் கேட்கப் பிடிக்கவில்லை. அப்புறம் டிரங்குப் பெட்டியில் கிடந்த இடது காது மெஷினைக் கொடுத்து, இது மழையில் செத்துப்போனது, உதிரிபாகத்துக்காவது உதவுமா பாருங்கள் என்றேன்.

அவர் அந்தப் பிளாஸ்டிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார்.

“சார், இதை எதுலயாவது போட்டு வச்சீங்களா? அரிசி, மாவு அந்த மாதிரி?”

“அரிசியில.”

“அதான். குழாய்க்குள்ள தண்ணி நின்னிருக்கு. அரிசித் தூசி போய் ஈரத்துல களியாக் காஞ்சு அடைச்சிருச்சு. மிஷின் நல்லாத்தான் இருக்கும், பாருங்க.”

பழைய குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் மாட்டினார். ஒரு சின்ன பிரஷ்ஷால் ஓட்டையைத் தட்டித் துடைத்தார். பேட்டரி போட்டு மகளின் இடது காதில் மாட்டினார். என் மகள் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பினாள். தெருவில் ஆட்டோ போனது. கேட்கிறது என்று தலையாட்டினாள்.

செத்துப்போகவே இல்லை. துணியில் சுற்றி, பெட்டிக்குள் போட்டு, மேலே சேலைகளை அடுக்கி வைத்திருந்தோம். அது செத்துவிட்டது என்ற பயத்தில்தான் மற்றதைக் கழற்று கழற்று என்று பிள்ளையை விரட்டினோம்.

நான் அந்தப் பெண்ணிடம் எங்கள் ஊர் மேகத்தைப் பற்றிச் சொன்னேன். கழற்றி வைத்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “மூட்டத்துக்கெல்லாம் எதுக்கு சார் கழட்டணும்? மாட்டிக்கிட்டு நடக்கத்தான சார் இதைக் குடுக்குறது?” என்றார்.

அவர் சொன்னதைக் காது மெஷின் வைத்திருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். குளிக்கும்போதும் கொட்டுகிற மழையில் நனையும்போதும்தான் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் தனியாக நடக்கக் கூடாது, ஒரு இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியவர் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூட்டத்துக்கும் பனிக்கும் காதை மூடுகிற கம்பளிக் குல்லா போதும். குல்லா ஈரமாகிவிட்டால் வேறு போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். குழாய்க்குள் முத்து மாதிரி நீர் நின்றால், குழாயை மெஷினிலிருந்து தனியாகப் பிரித்து, அதற்கென்று கொடுக்கிற ரப்பர் ஊதியால் ஊதி எடுக்க வேண்டும். படுக்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்து, செருப்புப் பெட்டிப் பொட்டலத்தில் இருக்கிறமாதிரி ஈரம் குடிக்கிற மணி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். அந்த மணியை வாயில் வைக்கக் கூடாது. அது நிறம் மாறினால் புதிதாக மாற்ற வேண்டும். அரிசியில் போடக் கூடாது, அடுப்புப் பக்கத்தில் காயவைக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. இவ்வளவுதான். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். இதைச் சொல்ல ஆள் இல்லாமல் என் பிள்ளையின் கால் போனது.

முகாமில் கொடுத்தவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஈரம் ஆகாது என்று சொன்னவர், ஈரமான ஊரில் எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லியிருக்கலாம். எங்கள்மேலும் கோபம் உண்டு. எங்களுக்குக் கொடுத்த பொருள் எங்களைவிடப் பெரிதாகிவிட்டது. அதைக் கொடுத்தது பிள்ளைக்காக என்பதை மறந்து, பிள்ளையை அதற்குக் காவலாக வைத்துவிட்டோம்.

இப்போது அவளிடம் இரண்டு மெஷின் இருக்கிறது, நல்ல கம்பளிக் குல்லா இருக்கிறது. போன ஐப்பசியில் நானே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தேன். டீக்கடையில் இப்போது யாரும் காதைத் தொட்டுக் காட்டுவதில்லை. எங்களைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். மேகம் இறங்கியது. அவள் நின்றாள். குல்லாவைத் தூக்கி, இரண்டையும் கழற்றி டப்பாவில் போடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கழட்ட வேணாம் தாயி. போட்டுக்கிட்டே வா.”

“நனைஞ்சிரும்ப்பா.”

“நனைஞ்சா நனையட்டும். தொடைச்சுக்கலாம். போனாலும் போகட்டும்.”

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். “ஏசுவாங்கப்பா” என்றாள்.

“யாரு ஏசுவா?”

“எல்லாரும்.”

நான் அங்கேயே பாதையில் உட்கார்ந்துவிட்டேன், அவள் கண்ணுக்கு நேராக என் முகம் இருக்கட்டும் என்று. யாரும் ஏச மாட்டார்கள் என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். அந்த அக்கா சொன்னதை, திண்டுக்கல்லில் அந்தப் பெண் சொன்னதை, எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள். கழற்றாமல் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வளைவு திரும்பியதும் ஏதோ கேட்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. குல்லாவைத் தூக்கிப் பார்த்தால் காதில் இரண்டும் இல்லை. எனக்குத் தெரியாமல் எப்போது கழற்றினாளோ. என்னைப் பார்த்து, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

ஊரே கூடி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒன்றை, மேகம் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நான் ஒருத்தனாக நின்று மறக்கடிக்கப் பார்க்கிறேன். இன்றுவரைக்கும் என்னால் முடியவில்லை.